படபடப்பு ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஈசிஜி எடுத்துருங்க

நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிக்குது, கொஞ்ச நேரத்துல தானா நின்னுருது, டாக்டர்கிட்ட போனா ஈசிஜி நார்மல், ஒண்ணும் இல்லம்மான்னு அனுப்பிடறாங்க. இப்படி அல்லாடிக்கிட்டு இருக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். எனக்கு இருந்த வியாதி பேரு எஸ்விடி, அதாவது இதயத்துல கரண்ட் ஓடற வழில இருக்கற கோளாறால துடிப்பு திடீர்னு ரொம்ப வேகமாயிரும், அதுலயும் ஏவிஎன்ஆர்டின்னு ஒரு வகை. ரொம்ப பேருக்கு வர்றது, நல்லா தெரிஞ்ச வைத்தியமும் இருக்கு. இருந்தும் அந்தப் பேரை ஒரு டாக்டர் வாயிலிருந்து கேக்க எனக்கு சில வருஷம் ஆயிருச்சு, லட்சக்கணக்குல காசும் போயிருச்சு, அதுக்கு நடுவுல நான் பட்ட பயத்துக்கு கணக்கே கிடையாது.

எனக்கு ஊரு கோத்தகிரி பக்கம். ஒரு டீ ஃபேக்டரில கணக்கு எழுதற வேலை. வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு, வாரக்கடைசிக்கு வருவாரு, அதனால நடுவாரத்துல எது நடந்தாலும் வீட்ல நானும் பையனும்தான். முதல் தடவை வந்தப்ப நான் கீழ் ஷெல்ஃப்ல இருந்து இலை வரவு லெட்ஜரை குனிஞ்சு எடுத்துக்கிட்டு இருந்தேன், நிமிர்றதுக்குள்ள நெஞ்சுக்குள்ள ஒரு தட்டு தட்டுச்சு பாருங்க, அடுத்த நொடியே அப்படி ஒரு ஓட்டம். கொஞ்சம் கொஞ்சமா ஏறல, டக்குனு ஆரம்பிச்சுருச்சு. கை நடுங்குது, கண்ணு இருட்டுது, கழுத்துல அடிக்கறது எனக்கே கேக்குது. எதிர் சீட்டு அக்கா எந்திரிச்சு வந்து "என்னடி இது, ஸ்வெட்டர் காலரே துடிக்குது"ன்னு கேட்டாங்க. கால் மணி நேரம் கழிச்சு எப்படி வந்துச்சோ அப்படியே டக்குனு நின்னுருச்சு. அதுக்கப்பறம் ஒண்ணுக்கு மேல ஒண்ணா பாத்ரூம் போய்க்கிட்டே இருந்தேன். இந்த கழுத்துத் துடிப்பு, டக்குனு வந்து டக்குனு நிக்கறது, அப்பறம் நிறைய யூரின் போறது, இது மூணுமே இந்த வியாதியோட அடையாளம்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. உங்களுக்கும் அப்படி இருந்தா டாக்டர்கிட்ட வெறுமனே "படபடப்பா இருக்கு"ன்னு சொல்லாதீங்க, எப்படி ஆரம்பிக்குது எப்படி நிக்குது, கழுத்துல அடிக்குதா, எல்லாத்தையும் வரிசையா சொல்லுங்க. டக்குனு நிக்குதா, மெதுவா அடங்குதாங்கற ஒரு விஷயமே அவங்களுக்கு பாதி சேதி சொல்லிரும்.

அதுக்கப்பறம் அலைச்சல்தான். முதல் கிளினிக்ல ஈசிஜி எடுத்தாங்க, நார்மல், கேஸ்னு சொல்லி வெறும் வயித்துல போடற மாத்திரை கொடுத்தாங்க. மாசக்கணக்குல அதைப் போட்டேன். வேற ஒருத்தர் தைராய்டும் ரத்த அளவும் பாக்கச் சொன்னாரு. அது பாக்க வேண்டியதுதான், தைராய்டு ஏறினாலும் ரத்தம் கம்மியா இருந்தாலும் படபடப்பு வரும். ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு. அப்பறம் கோயம்புத்தூர் போய் எக்கோ, அப்பறம் டிரெட்மில்ல ஓடற டெஸ்ட். ஒவ்வொண்ணுக்கும் ஆயிரம் ரெண்டாயிரம், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் கட், மலை இறங்கி ஏறற செலவு தனி. எல்லாமே நார்மல். கடைசில ஒரு ஆஸ்பத்திரில ஃபைலை மூடி வெச்சுட்டு, வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மான்னு கேட்டாங்க. வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காருன்னு சொன்னதும் அதுதான் காரணம்னு முடிவே பண்ணிட்டு, பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எழுதிட்டாங்க. அன்னைக்கு பஸ்ல குஞ்சப்பனை தாண்டற வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன். அத்தை வீட்ல "மனசுல எதையோ போட்டு வெச்சிருக்கா"ன்னு பேச ஆரம்பிச்சாங்க. மந்திரிச்சு தாயத்து கட்டினாங்க. உடம்புல ஒண்ணு நடக்குது, அதை யாருமே நம்ப மாட்டேங்கறாங்கங்கறது வியாதியை விட பெரிய வலிங்க.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லன்னு அப்பறம்தான் படிச்சேன். 1997ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, எஸ்விடின்னு உறுதியான 107 பேரோட பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பாத்திருக்காங்க. அதுல 67 சதவீதம் பேரோட அறிகுறி, பேனிக்னு சொல்ற பதட்ட நோய்க்கான லிஸ்டுக்கும் அப்படியே பொருந்தியிருக்கு. பாதிக்கு மேல ஆளுங்களுக்கு முதல் தடவை டாக்டர் பாத்தப்ப வியாதி பிடிபடவே இல்ல. அப்படி விட்டுப் போனதுல மனசு பிரச்சினைன்னு முத்திரை குத்தினது ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்குத்தான் ரொம்ப அதிகம். ராத்திரி போன்ல இதைப் படிச்சப்ப பையன் முழிச்சுருவான்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். பதட்டம் வந்தா நெஞ்சு வேகமா அடிக்கும், உண்மைதான். ஆனா நெஞ்சு 190 அடிச்சா யாருக்கும் பதட்டம் வரும். எது முதல்ல வருதுன்னு பாக்கணும்ல, அதை யாரும் என்கிட்ட கேக்கல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஏன் எல்லா டெஸ்டும் நார்மல்? ஏன்னா எக்கோ பாக்கறது இதயத்தோட சுவரையும் வால்வையும். இந்த வியாதி இருக்கறது கரண்ட் ஓடற வழில. அந்தக் கோளாறும் படபடப்பு ஓடற நேரத்துல மட்டும்தான் ஈசிஜில தெரியும். நின்னுட்டா ஏவிஎன்ஆர்டில பொதுவா ஒரு தடயமும் இருக்காது. டவுன்ல இருக்கறவங்க பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி போய் ஈசிஜி எடுத்துருவாங்க. நம்ம மலைல வண்டி கிடைச்சு, மிஸ்ட்டுல ஊர்ந்து போய் சேர்றதுக்குள்ள அது நின்னுரும், எனக்கு ஒவ்வொரு தடவையும் இதேதான் ஆச்சு. அதனால பெரிய ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு பாக்காதீங்க, உங்களுக்கு ரொம்பக் கிட்ட ஈசிஜி மெஷின் எங்க இருக்குன்னு பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையமா, பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியா, லேபா, எதுவா இருந்தாலும் சரி. நல்லா இருக்கற நாள்லயே போய் "எனக்கு இப்படி வரும், வந்தா ஓடி வருவேன், உடனே ஒரு ஈசிஜி எடுத்துக் குடுங்க"ன்னு சொல்லி வெச்சுருங்க. ராத்திரில யாரு இருப்பாங்கன்னும் கேட்டுருங்க.

ஹோல்டர் டெஸ்ட் பத்தியும் ஒரு வார்த்தை. நெஞ்சுல வயர் ஒட்டி இடுப்புல சின்ன மெஷின் மாட்டி ஒரு நாள் பூரா பதிவு பண்ணுவாங்க. நல்ல டெஸ்டுதான், தினமும் வர்றவங்களுக்கு. எனக்கு மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் வரும், அந்த 24 மணி நேரத்துல வரவே இல்ல, மூவாயிரம் கிட்ட ஆயிருச்சு, ரிப்போர்ட்ல மறுபடி நார்மல். அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் "பாத்தியா, ஒண்ணும் இல்ல"ன்னு எல்லாரும் இன்னும் அழுத்திச் சொன்னாங்க. எப்பவாவது வர்றவங்க, ஒரு வாரம் பத்து நாள் ஒட்டி வெச்சுக்கற பேட்ச் இருக்கான்னு கேளுங்க. போன்ல இணைச்சு விரலை வெச்சா ஈசிஜி எடுக்கற சின்னக் கருவியும், ஈசிஜி எடுக்கற வாட்சும் வந்திருக்கு, அதுல எடுத்த பதிவும் டாக்டருக்கு உதவும். அதுவும் முடியலன்னா மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கி தேதி, நேரத்தோட எழுதி வைங்க. எண்ணவே முடியாத வேகம்னா அதையே எழுதுங்க. கழுத்துத் துடிக்கறதை யாரையாவது போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க.

எனக்கு விடிவு வந்தது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துலதாங்க. பையனுக்கு காய்ச்சல்னு கூட்டிட்டுப் போய் வரிசைல நிக்கறப்ப எனக்கு ஆரம்பிச்சுருச்சு. அங்க இருந்த நர்ஸம்மா என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒரு கேள்வி கூட கேக்கல, கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய் படுக்க வெச்சு கிளிப்பை மாட்டிட்டாங்க. பேப்பர் வெளிய வருது, கோடு கோடா நெருக்கமா, சீப்பு பல்லாட்டம். "196 ஓடுதும்மா"ன்னு சொன்னாங்க. சத்தியமா சொல்றேன், அந்த நேரத்துல எனக்கு பயத்தை விட சந்தோஷம்தான் அதிகம். என் உடம்புல நடக்கறது முதல் தடவையா இன்னொருத்தர் கையில பேப்பரா இருந்துச்சு. அந்த டாக்டரம்மா உடனே 108க்கு சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, பையனை நர்ஸம்மாவே பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு ஒப்படைச்சாங்க. அவங்களை நான் உசிரு உள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்.

அங்க அடினோசின்னு ஒரு ஊசி போட்டாங்க. இதைப் பத்தி முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லது, ஏன்னா அந்த சில செகண்ட் பயங்கரம். முழங்கை மடிப்புல பெரிய நரம்புல போட்டு, உடனே சலைனை வேகமா தள்ளுவாங்க, ஏன்னா ரத்தத்துல அந்த மருந்து பத்து செகண்ட் கூட தாங்காது. நெஞ்சை யாரோ அமுக்கறாங்க, மூஞ்சி சுடுது, உசிரு போகுதுன்னு நிச்சயமாத் தோணும். மானிட்டர்ல கோடு ஒரு நிமிஷம் நேரா போற மாதிரி எனக்குப் பட்டுச்சு, உண்மைல சில செகண்ட்தான். அப்பறம் டக், டக்னு நிதானமா அடிக்க ஆரம்பிச்சுது. போடறதுக்கு முன்னாடி "இப்படி இருக்கும், பயப்படாதம்மா"ன்னு அந்த டாக்டர் சொன்னதுதான் என்னைத் தாங்குச்சு. இன்னொண்ணு, காலைல இருந்து எத்தனை டீ குடிச்சேன்னு கேட்டாரு. டீலயும் காப்பிலயும் இருக்கற கஃபீன் அந்த மருந்தோட வேலையைத் தடுக்கும், டோஸ் கூட்ட வேண்டி வரலாமாம். நம்ம ஊர்ல டீ குடிக்காத ஆளே இல்லயே, அதனால கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிருங்க. ஆஸ்துமா இருந்தா கட்டாயம் சொல்லணும்.

கிளம்பும்போது ஓடினப்ப எடுத்த ஈசிஜியை கேட்டு வாங்கிக்கோங்க, கேஸ் ஷீட்லயே இருக்கட்டும்னு சொன்னாலும் ஒரு காப்பியாவது வாங்காம வராதீங்க. ஊசி போட்டப்ப எடுத்த பேப்பர் இருந்தா அது இன்னும் ஒசத்தி, எந்த வகை எஸ்விடின்னு கண்டுபிடிக்க அது உதவும். அந்தப் பேப்பர் சூட்டுல பதியற வகை, நாளாக நாளாக மங்கிரும், அதனால உடனே போட்டோ எடுத்து வாட்ஸப்புல ரெண்டு பேருக்கு அனுப்பி வைங்க, ஜெராக்ஸும் போடுங்க. லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க, சூட்டுல பேப்பரே கருத்துப் போயிரும்.

வீட்லயே நிறுத்தறதுக்கு ஒரு வழியும் அங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. மூச்சைப் பிடிச்சு முக்கறது பழைய முறை. இங்கிலாந்துல ரிவர்ட்னு ஒரு ஆய்வு பண்ணி 2015ல வெளியிட்டாங்க, அதுல பழைய முறைல 17 சதவீதம் பேருக்குத்தான் நின்னுச்சு, கொஞ்சம் மாத்திப் பண்ணினப்ப 43 சதவீதம் பேருக்கு நின்னுச்சு. மாத்தினது இவ்வளவுதான்: பாதி சாஞ்சு உக்காந்து 10 மில்லி சிரிஞ்சோட முனைல வாயை வெச்சு, பிஸ்டன் லேசா நகர்ற அளவுக்கு 15 செகண்ட் ஊதணும், ஊதி முடிச்ச உடனே மல்லாக்கப் படுக்கணும், கூட இருக்கறவங்க ரெண்டு காலையும் 45 டிகிரிக்கு தூக்கி 15 செகண்ட் பிடிச்சுக்கணும், அப்பறம் பழையபடி உக்காரணும். செலவுன்னு பாத்தா ஒரு சிரிஞ்சு காசுதான். பையனுக்கு காலைத் தூக்கிப் பிடிக்கக் கத்துக் கொடுத்து வெச்சேன், ரெண்டு மூணு தடவை நின்னுருக்கு. ஆனா முதல்ல உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, வால்வு சுருக்கம், சமீபத்துல ஹார்ட் அட்டாக், கண்ணுல பிரஷர் இருக்கறவங்க பண்ணக் கூடாது. கழுத்து நரம்பை அமுக்கி நிறுத்தறது டாக்டர் வேலை, நீங்களா பண்ணாதீங்க. மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தா இதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்காம 108 தான்.

அந்த ஒரு பேப்பரை எடுத்துக்கிட்டு கோயம்புத்தூர் போனேன். இதய டாக்டர்லயே கரண்ட் பிரச்சினைக்குன்னு தனியா படிச்சவங்க இருக்காங்க, எலக்ட்ரோஃபிசியாலஜிஸ்ட், சுருக்கமா ஈபி டாக்டர்னு கேட்டா சொல்வாங்க. நேரா அவங்ககிட்ட போங்க. அவரு பேப்பரை ரெண்டு நிமிஷம் பாத்தாரு, எந்த ஊரும்மான்னு கேட்டாரு, கோத்தகிரின்னதும் ஒரு தாளை எடுத்து படம் போட்டாரு. "கோடை சீசன்ல ஒன்-வே விடுவாங்கல்ல, மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வழியா ஏறி, கோத்தகிரி வழியா இறங்கணும். உங்க இதயத்துக்கு நடுவுலயும் அப்படி ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு வேகமான வழி, ஒண்ணு மெதுவான வழி. எப்பவும் கரண்ட் மேல இருந்து வேகமான வழிலயே இறங்கிரும். நேரம் தப்பி ஒரு துடிப்பு வந்தா வேகமான வழி அப்ப இன்னும் திறந்திருக்காது, மெதுவான வழில இறங்கும். அது அடிவாரம் வர்றதுக்குள்ள வேகமான வழி திறந்துரும், உடனே அதுல மேல ஏறிரும், மறுபடி கோத்தகிரில இறங்கும், மறுபடி குன்னூர்ல ஏறும். சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு சுத்துக்கு ஒரு துடிப்பு." இத்தனை வருஷத்துல யாரும் சொல்லாததை ஒரு தாள்ல புரிய வெச்சுட்டாரு. இந்த ரெண்டு வழியும் இருக்கற நடு இடத்தை 1906லயே தவாராங்கற ஜப்பான்காரர் ஜெர்மனில இருந்தப்ப விவரிச்சுட்டாராம், ரெண்டு வழி சமாச்சாரம் 1956ல நாய் மேல பண்ணின ஆராய்ச்சில தெரிய வந்துச்சாம். ரொம்ப முன்னாடி இந்த மாதிரி வியாதிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்தான். 1982லதான் மனுஷங்களுக்கு வயரை உள்ள விட்டு ஷாக் கொடுத்து அந்த இடத்தைச் சுடற வேலை ஆரம்பிச்சுது, ஷைன்மன்னு ஒரு அமெரிக்க டாக்டர் பண்ணினாரு, ஆனா அப்ப அந்த நடு இடத்தையே மொத்தமா அடைச்சு பேஸ்மேக்கர் வெப்பாங்க. அப்பறம் ரேடியோ அலைல சின்னதா சுடறது வந்து, 90கள் ஆரம்பத்துல மெதுவான வழியை மட்டும் அடைக்கக் கத்துக்கிட்டாங்க. குன்னூர் வழி இருக்கட்டும், கோத்தகிரி வழியை மட்டும் மூடிரலாம்னு அவரு சொன்னாரு.

மாத்திரையிலயும் சமாளிக்கலாம்னு, துடிப்போட வேகத்தைக் குறைக்கற மெட்டப்ரோலால் கொடுத்துப் பாத்தாரு. நம்ம குளிருக்கு அந்த மாத்திரை போட்டா கை கால் இன்னும் சில்லுனு ஆயிருது, காலைல எந்திரிக்கவே முடியல, படபடப்பு குறைஞ்சாலும் நிக்கல. அதனால அப்லேஷன், அதாவது வயரை உள்ள விட்டு அந்த மெதுவான வழியைச் சுட்டு அடைக்கறதை, பண்ணிக்க முடிவு பண்ணினேன். பண்ணினா நூத்துல 95 பேருக்கு மேல சரியாயிரும், நடு இடம் பழுதாகி பேஸ்மேக்கர் வெக்கற நிலைமை நூத்துல ஒருத்தருக்கும் குறைவு, அதையும் மறைக்காம சொன்னாரு. எனக்கு மொத்தம் ஒண்ணரை லட்சத்துக்கு மேல ஆச்சு, நகையை அடகு வெச்சுத்தான் கட்டினேன். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கற குடும்பம்னா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சேரலாம், சேர்ந்திருந்தா அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில இருக்கற காப்பீட்டு கவுண்டர்ல, அப்லேஷன் அங்க இதுல வருமான்னு கேட்டு ஒப்புதல் வாங்கிருங்க. தனியார் இன்சூரன்ஸ் இருந்தாலும் அப்படித்தான், பணம் கட்டிட்டு அப்பறம் அலையாதீங்க. இதயத்தோட உள்பக்கத்தை கம்ப்யூட்டர்ல படமாக் காட்டற முப்பரிமாண மேப்பிங் சேத்தா பில்லு கூடும், எனக்கு அது தேவையான்னு நேரா கேளுங்க. மாத்திரையை சில நாள் முன்னாடி நிறுத்தச் சொல்லுவாங்க, அந்த நாள்ல படபடப்பு வர வாய்ப்பு அதிகம், அதனால மலைல இருக்காம கீழ சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருங்க. நான் வீட்டுக்காரரோட திருப்பூர்லதான் இருந்தேன்.

அப்லேஷன் அன்னைக்கு நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். தொடை இடுக்குல மட்டும் மரத்துப் போக ஊசி, அது வழியா வயரை இதயம் வரைக்கும் விடறாங்க, உள்ள போறது வலிக்கல. கஷ்டமானது என்னன்னா, வியாதியை அவங்களே வர வெப்பாங்க. இத்தனை நாள் எதைக் கண்டு நடுங்கினேனோ அதை பட்டனை அழுத்தி ஆரம்பிச்சு, "இதேதானாம்மா உங்களுக்கு வர்றது?"ன்னு கேட்டாரு. "இதேதான் டாக்டர்"னு சொன்னேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. அடுத்த நொடி அவரே நிறுத்திட்டாரு. அப்பறம் சுட்டாங்க, நெஞ்சுல லேசா ஒரு சூடு, அவ்வளவுதான். முடிஞ்சதும் மறுபடி வர வெக்கப் பாத்தாங்க, மருந்து ஏத்தி வேகத்தைக் கூட்டியும் பாத்தாங்க, வரல. காலை மடக்காம சில மணி நேரம் நேரா வெச்சுப் படுத்திருக்கணும், முதுகு வலிதான் பெருசா இருந்துச்சு. மறுநாள் டிஸ்சார்ஜ்.

உடனே மலை ஏறாதீங்க. ஹேர்பின் வளைவுல பஸ்ல காலை ஊனி ஊனி உக்காரணும், தொடைல தையல் போடாத காயம், ரத்தம் கட்டிரும். நான் ஒரு வாரம் திருப்பூர்லயே இருந்துட்டுத்தான் வந்தேன், தண்ணிக் குடம் கூட தூக்கல. முதல் சில வாரம் ஒத்தைத் துடிப்பு தவறித் தவறி அடிக்கும், ஆரம்பிக்கப் போகுதுன்னு நெஞ்சு திக்குனு ஆகும், ஆனா ஓட்டம் பிடிக்காது. இது சகஜம்னு முன்னாடியே சொல்லியிருந்தா பாதி ராத்திரில வீட்டுக்காரரை எழுப்பி அழுதிருக்க மாட்டேன்.

படபடப்பு எல்லாமே எஸ்விடி இல்ல, அதையும் சொல்லிடறேன். வயசானவங்களுக்கு நாடி தாறுமாறா அடிச்சா அது ஏஎஃப்னு சொல்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா இருக்கலாம், அதுல பக்கவாதம் வர்ற ஆபத்து இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மருந்து தேவைப்படலாம். படபடப்போட மயங்கி விழறவங்க, வீட்ல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்கறவங்க ஒரு நாள் கூட தள்ளிப் போடாம இதய டாக்டரைப் பாருங்க. எஸ்விடிக்கு மூக்குல அடிக்கற ஸ்பிரே ஒண்ணு வந்திருக்கு, எட்ரிபமில்னு பேரு, 2023ல வந்த ஆய்வுல அதை அடிச்சவங்கள்ல 64 சதவீதம் பேருக்கு அரை மணி நேரத்துக்குள்ள நின்னுருக்கு, மருந்தில்லாத ஸ்பிரே அடிச்சவங்களுக்கு 31 சதவீதம். ஆஸ்பத்திரி தூரமா இருக்கற நம்மள மாதிரி ஊருக்கு அது வந்தா எவ்வளவு நல்லா இருக்கும். அது கைக்கு வர்ற வரைக்கும் கிட்ட இருக்கற ஈசிஜி மெஷின்தான். அதுவும் லீவு நாள்ல அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்னு கூட நான் கேட்டு வெச்சிருக்கேன், கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க.